பெயர்ப்பலகையா, பாடநூலா, ஆசிரியரா?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதைத் தொடர்ந்து அதே மாவட்டத்துக் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மலையின் அடிப்படை வசதிகளைப் பற்றித் தொடங்கிய அந்த விசாரணை, ஜூலையில் பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையில் வந்து நின்றது. அரசுப் பள்ளியின் பெயரில் ‘பழங்குடியினர்’ என்று சேர்த்து எழுதுவது அங்கே படிக்கும் பிள்ளைகள்மீது முத்திரை குத்துவதாகும், ‘அரசுப் பள்ளி’ என்பதே போதும் என்ற கருத்தை நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு தெரிவித்தது. சில வாரங்களுக்கு முன்புதான், ஜூன் 18 அன்று, நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு பள்ளி, கல்லூரிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றிய அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்திருந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று.

பிறப்பைக் கொண்டு பிள்ளைகளை அளக்கும் வழக்கத்தைப் பள்ளிக்கூடம் உடைக்க வேண்டுமென்றால் எங்கே கைவைப்பது? பெயரிலா, பாடநூலிலா, உட்காரும் வரிசையிலா, ஆசிரியரின் மனத்திலா? தமிழகத்தில் நூறாண்டுக்கு மேலாகக் கேட்கப்படும் கேள்வி இது. விடைகள் பல உண்டு. ஒவ்வொன்றும் முந்தைய விடையின் குறையிலிருந்து பிறந்தது என்பதால், அவற்றை வரிசையாகப் பார்ப்பது பயன்தரும்.

தனிப் பள்ளிகள் வந்த வழி

1894-இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் சென்னையில் ‘பஞ்சமர்’ பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியபோது, பொதுப் பள்ளிகளின் கதவு அவர்களுக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தது. சேர்க்க மறுத்தால் தனியாகக் கட்டு என்பதே அன்றைய விடை. 1920-களில் தொழிலாளர் நலத்துறையின்கீழ் வந்த பள்ளிகள் பின்னாளில் அரிசன நலப் பள்ளிகளாகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக நிற்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அப்பள்ளிகளோடு, மலைப்பகுதிகளில் ஏறத்தாழ முந்நூறு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உள்ளன. உறைவிடப் பள்ளிகளை, ஆங்கிலப் பெயரின் சுருக்கமான ஜி.டி.ஆர். பள்ளி என்றால்தான் ஊரில் தெரியும்.

சேர்த்துக்கொண்டாலும் ஒன்றாக உட்கார வைப்பார்களா என்ற கேள்வி அடுத்து வந்தது. வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி என்று தெரிந்ததும், வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய எதிர்ப்பு அரசியல் திருப்பமாகவே ஆனது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் விரிந்த மதிய உணவுத் திட்டம் ஒரே பந்தி என்ற விடையை ஊர்தோறும் கொண்டுசென்றது. ஆனால் 2018-இல் திருப்பூர் மாவட்டப் பள்ளி ஒன்றில் தலித் சமையலர் சமைக்கக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தபோது, பந்தி ஒன்றானாலும் அடுப்படி ஒன்றாகவில்லை என்பது தெரிந்தது.

தனிப் பள்ளி இழிவிலிருந்து பிறந்தது. அதே சமயம், முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கியதும் அதுதான். இவ்விரண்டில் ஒன்றை மறந்து பேசும் எந்த வாதமும் பாதி உண்மையோடு நின்றுவிடுகிறது.

மலையின் காயம் வேறு

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. இதன் சமவெளிக்கு நீண்ட சாதி வரலாறு உண்டு. 1978-இல் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2023 ஜனவரியில்தான் எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் போலீஸ் பாதுகாப்போடு தலித் மக்கள் நுழைய முடிந்தது. இந்த வரலாற்றின் இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில்தான் உட்காருகிறார்கள்.

மலையில் நிலைமை வேறு. அங்கே பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை, மலைவாழ் மக்கள் என்பதே பொருள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மலையாளிகள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய வேளாளர் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களின் வாய்மொழி மரபு. எட்கர் தர்ஸ்டன் 1909-இலேயே அதைப் பதிவு செய்திருக்கிறார். பெயருக்குப் பின்னால் ‘கவுண்டர்’ பட்டம் உண்டு. பேசுவது தமிழ். ஆகவே சமவெளித் தலித் பிள்ளை அனுபவிக்கும் தீண்டாமை அப்படியே மலைப் பிள்ளைக்கு நேர்வதில்லை. நேர்வது இன்னொன்று. காட்டான், நாகரிகம் தெரியாதவன், சாராயம் காய்ச்சும் ஊர்க்காரன், செம்மரம் வெட்டப் போகிறவன் மகன் என்ற பார்வை அது. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேரைச் சுட்டுக் கொன்றபின், கிழக்கு மலைத்தொடர் ஊர்கள் அனைத்தின்மீதும் இந்த முத்திரை இன்னும் அழுந்தப் பதிந்தது. கருணாபுரம் அதைப் புதுப்பித்தது.

இந்த வேறுபாட்டைக் கருதாமல் சமவெளிக்கு எழுதிய பாடத்தை மலைக்கு அனுப்பினால் அது பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம். தீண்டாமை பாவமும் குற்றமும் மனிதத்தன்மையற்றதும் ஆகும் என்று தமிழகப் பாடநூல்கள் முகப்பிலேயே அறிவித்து வருகின்றன. நல்ல அறிவிப்பு. ஆனால் ‘மலையிலிருந்து வந்தவனுக்கு இவ்வளவுதான் வரும்’ என்று நினைக்கும் ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, தாம் எந்தத் தவறும் செய்யவில்லை என்றே நம்பலாம். அவர் யாரையும் தொடாமல் ஒதுக்கவில்லையே.

பெயரை நீக்குவோர் வாதம்

பெயரில் தொடங்க வேண்டும் என்போருக்கு ஆய்வு ஆதரவு உண்டு. கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் ஆறு, ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் புதிர்ப்பாதைகளைத் தீர்க்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதபோது தலித் சிறுவர்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தீர்த்தார்கள். எல்லார் முன்னிலையிலும் சாதியை வாசித்த பிறகு தலித் சிறுவர்களின் திறன் இறங்கியது. சாதியை உரக்கச் சொல்வதே பிள்ளையின் மூளையைக் கட்டிப்போடும் என்றால், பலகையிலும் பதிவேட்டிலும் அதை எழுதிவைப்பதை நியாயப்படுத்துவது கடினம். வருகைப் பதிவேட்டில் சாதி இடம்பெறக் கூடாது, சாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாது என்ற சந்துரு குழுப் பரிந்துரைகளின் நியாயமும் இதுதான். 2021-இல் பாடநூலில் உ.வே. சாமிநாத ஐயர், உ.வே. சாமிநாதர் ஆனதும் இந்த வழியில்தான்.

இதற்கு மூன்று பக்கங்களிலிருந்து எதிர்ப்பு வந்தது. சமய அடையாளத்தில் கைவைக்கிறார்கள் என்றது பாரதிய ஜனதா. 2023 மார்ச் வரவுசெலவு அறிக்கையில் பல துறைகளின் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அரசு அறிவித்தபோதே, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் பகுதிகளில் ‘எங்கள் வரலாற்றை அழிக்கிறீர்கள்’ என்ற குரல் எழுந்தது. மூன்றாவது எதிர்ப்பே எனக்கு வலுவானதாகப் படுகிறது. ஒடுக்கப்பட்டவருக்கென ஒதுக்கிய நிதி, விடுதி, பணியிடம் ஆகியவை அந்தப் பெயரோடு பிணைந்திருக்கின்றன. பெயர் போனபின் அவை கரைந்து போகாது என்பதற்கு உறுதி வேண்டும். பலகையில் ‘பழங்குடியினர்’ இல்லாத பள்ளியில் ஆசிரியர் பணியிடம் காலியாகவே கிடந்தால், பிள்ளைக்குக் கிடைத்தது புதுப் பெயின்ட் மட்டும்.

இன்னொரு குறையும் உண்டு. பெயரை மறைப்பது சாதியைக் கண்டுகொள்ளாதிருப்பதாக மாறிவிடக் கூடும். ‘எங்கள் பள்ளியில் சாதியே இல்லை’ என்று சொல்லும் தலைமை ஆசிரியர் தம் அறையைத் தாண்டிப் பார்க்கவில்லை என்றே பெரும்பாலும் பொருள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகே சந்துரு குழு அமைந்தது.

பாடநூலை நம்புவோர்

பாடநூல் சொல்லாமல் விடுவதும் ஒரு பாடம்தான் என்பது இரண்டாவது நிலைப்பாடு. கல்வியாளர் கிருஷ்ண குமார் 1983-இல் எழுதிய கட்டுரையில், பழங்குடியினரைப் பின்தங்கியவர்களாக விவரிக்கும் பாடத்தை, அந்தச் சமூகத்துப் பிள்ளையே வகுப்பில் வாசித்து ஒப்புவிக்க வேண்டியிருப்பதைச் சுட்டினார். தேர்வில் வெற்றிபெற வேண்டுமென்றால் தன்னைப் பற்றிய இழிவை அந்தப் பிள்ளை ஏற்க வேண்டும். 2005 தேசியக் கலைத்திட்டத்தோடு வந்த தலித், பழங்குடிப் பிள்ளைகள் பற்றிய நிலைப்பாட்டு ஆவணம் இந்தச் சிந்தனையை அரசுக் கோப்புக்குள் கொண்டுவந்தது. எழுதியது நிலைக்கும் என்ற உறுதி மட்டும் இல்லை. நாடார் பெண்களின் தோள்சீலைப் போராட்டம் உள்ளிட்ட பகுதியை 2016-இல் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்புப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது.

அமெரிக்காவின் ஜேம்ஸ் பேங்க்ஸ் பாடத்திட்ட மாற்றத்தை நான்கு படிகளாகப் பிரித்தார். விழா நாளில் சில பெயர்களைச் சொல்வது முதல் படி. இருக்கும் பாடத்தோடு ஓர் இயலைச் சேர்ப்பது இரண்டாவது. ஒடுக்கப்பட்டவரின் கண்ணால் முழுப் பாடத்தையும் திரும்பப் பார்ப்பது மூன்றாவது. கற்றதைக் கொண்டு மாணவர் ஊரில் ஏதேனும் செய்வது நான்காவது. நம் பள்ளிகளில் பழங்குடியினர் பெரும்பாலும் முதல் படியில்தான் நிற்கிறார்கள். ஆண்டு விழாவில் ‘மலைவாழ் மக்கள் நடனம்’ ஒன்று, ஆடுவதும் பெரும்பாலும் சமவெளிப் பிள்ளைகள்.

மூன்றாம் படிக்குக் கல்வராயன் மலையில் பொருளுக்குப் பஞ்சமில்லை. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்களின் பிடியில் மலை இருந்ததும், 1976-இல்தான் அந்த ஆட்சி முற்றாக முடிந்ததும், வரியும் கூலியில்லா உழைப்பும் அதுவரை எப்படி நடந்தன என்பதும் எட்டாம் வகுப்பு வரலாற்றில் சேரத்தக்கவை. நாடு விடுதலை பெற்ற ஆண்டு 1947 என்று மனப்பாடம் செய்யும் பிள்ளையின் தாத்தாவுக்கு அது எந்த ஆண்டு வந்தது என்று கேட்கலாம். 2006 வன உரிமைச் சட்டம் குடிமையியலுக்குரியது. சாமையும் தினையும் மரவள்ளியும் கடுக்காயும் அறிவியலுக்கும் கணக்குக்கும் உதவும். கோமுகி, மணிமுத்தா இரண்டும் இந்த மலையில் பிறப்பவை. கீழே கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் வட்டாரக் கரும்பும் நெல்லும் அந்த நீரில் விளைபவை. இதைப் படிக்க வேண்டியது மலைப் பிள்ளையைவிடச் சமவெளிப் பிள்ளை.

பாடநூல் வாதத்தின் பலவீனமும் இங்கேதான். எழுதித் தந்தால் போதாது. தேர்வில் வராத பாடத்தை ஆசிரியர் தாண்டிப் போவார், வந்தால் வினா விடையாக்கிவிடுவார். தோள்சீலைப் போராட்டத்துக்குக் காரணங்கள் ஐந்து என்று எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கிய மாணவர், வெளியே போய் அதே பழைய பேச்சைப் பேசத் தடையில்லை.

பர்னேஜ் கற்பித்தது

இனவெறிக்கு எதிரான கல்வியை அரசுக் கொள்கையாகவே எடுத்துக்கொண்ட ஊர் எது என்று பார்த்தால் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நினைவுக்கு வரும். அங்கே பர்னேஜ் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் 1986 செப்டம்பரில், வங்கதேச வழிவந்த அகமது இக்பால் உல்லா என்ற 13 வயது மாணவனை உடன் படித்த வெள்ளை மாணவன் குத்திக் கொன்றான். வழக்கறிஞர் இயன் மெக்டொனால்டு தலைமையிலான குழு விசாரித்தது. இனவெறி எதிர்ப்புக் கொள்கை வேண்டாம் என்று அது சொல்லவில்லை. கொள்கையை மேலிருந்து அறவுரையாக இறக்கியதை, ஏழை வெள்ளைக் குடும்பங்களைக் குற்றவாளிகளாக மட்டும் பார்த்து அவர்களை உரையாடலுக்கு வெளியே நிறுத்தியதைத்தான் கண்டித்தது.

தமிழகத்துக்கு இது நேராகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. சாதிக்கும் நிறத்துக்கும் வேறுபாடுகள் பல. ஆனாலும் இங்கே கூடுதல் கவனம் தேவைப்படும் ஓர் இடத்தை அது காட்டுகிறது. வாரம் ஓர் அறநெறி வகுப்பு, சமூகநீதி மாணவர் படை என்ற சந்துரு குழுப் பரிந்துரைகள் நல்லெண்ணத்தில் பிறந்தவை. அவற்றை உத்தரவாக அனுப்பி, புகைப்படம் எடுத்து, இணையதளத்தில் ஏற்றச் சொன்னால் பர்னேஜின் தவறு திரும்ப நடக்கும். ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த, தானும் வறுமையில் வாடும் மாணவனிடம் பேசும் முறையை நம் பயிற்சிகள் இன்னும் கண்டறியவில்லை. அவனைத் திட்டுவது எளிது. அவனுடைய பெருமை எதைச் சார்ந்து நிற்கிறது என்று அவனையே கேட்கவைப்பது கடினம். அதற்கு ஆசிரியருக்குத் தேர்ச்சி வேண்டும்.

ஆசிரியரும் சான்றுகளும்

ஆசிரியரின் முன்முடிவை அளந்த ஆய்வுகளில் ரேமா ஹன்னா, லே லிண்டன் இருவரும் 2012-இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. விடைத்தாள் முகப்பில் சாதியை மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களைத் திருத்தச் சொன்னார்கள். ‘தாழ்ந்த’ சாதி என்று குறிக்கப்பட்ட தாள்கள் சற்றுக் குறைவான மதிப்பெண் பெற்றன. அப்படிக் குறைத்தவர்கள் பெரும்பாலும் அதே பிரிவைச் சேர்ந்த ஆசிரியர்கள் என்பது அந்த ஆய்வின் வேதனையான முடிவு. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து ஆசிரியர் வந்துவிட்டால் போதும் என்ற எளிய நம்பிக்கையை இது அசைக்கிறது. ஒரே ஆய்வை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் பயிற்சி எல்லா ஆசிரியருக்கும் தேவை என்று சொல்ல இது போதும்.

பயிற்சி வேலை செய்யுமா? எலிசபெத் பலக், டொனால்ட் கிரீன் இருவரும் 2009-இல் முன்முடிவைக் குறைக்கும் முயற்சிகள் பற்றிய ஏறத்தாழ ஆயிரம் ஆய்வறிக்கைகளைச் சலித்துப் பார்த்து, உறுதியான சான்று மிகக் குறைவு என்றார்கள். ஒருநாள் பட்டறையின் பயன் நிலைப்பதற்கான ஆதாரம் குறிப்பாகவே மெலிந்தது. நம் வட்டார வள மையங்களில் நடக்கும் பணியிடைப் பயிற்சிகளை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டாரக் கருத்தாளர் என்று இறங்கி வருவதற்குள் சாரம் வடிந்துவிடும்.

நம்பிக்கை தரும் இரு இந்தியச் சான்றுகள் உண்டு. அரியானாவில் ‘பிரேக்த்ரூ’ அமைப்பு அரசுப் பள்ளிகளில் ஏழு முதல் பத்து வகுப்பு வரையிலான மாணவர்களோடு இரண்டரை ஆண்டு பாலினச் சமத்துவம் பற்றிக் கலந்துரையாடல் வகுப்புகள் நடத்தியது. டார், ஜெயின், ஜெயச்சந்திரன் மூவரும் அதை ஆராய்ந்ததில், மாணவர் மனப்போக்கு மாறியதும், திட்டம் முடிந்து இரண்டு ஆண்டு கழித்தும் அந்த மாற்றம் நிலைத்ததும் தெரிந்தன. வகுப்பை நடத்தியவர்கள் அமைப்பின் பணியாளர்கள், பள்ளி ஆசிரியர்கள் அல்ல. பொருளும் சாதி அல்ல, பாலினம். இந்த இரண்டையும் மறக்காமல்தான் இதை மேற்கோள் காட்ட வேண்டும். மற்றொன்று தில்லியில் நடந்தது. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் சேர்க்கப்பட்டபோது, பணக்கார மாணவர்களின் பாகுபாடு குறைந்து தாராள மனம் கூடியதை கவுதம் ராவ் 2019-இல் காட்டினார். பெயரின் அகர வரிசைப்படி அமைந்த படிப்புக் குழுக்களில் ஏழைப் பிள்ளையோடு சேர்ந்து உழைத்தவர்களிடம் இம்மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. சம நிலை, பொது நோக்கம், கூட்டுழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு ஆகியவை இருந்தால் பழக்கம் பகையைக் குறைக்கும் என்று கார்டன் ஆல்போர்ட் 1954-இல் சொன்னதற்கு இது இசைவானது.

மலைக்கு இதில் ஒரு சிக்கல். ஜி.டி.ஆர். பள்ளியிலும் மத்திய அரசின் வெள்ளிமலை ஏகலைவா உறைவிடப் பள்ளியிலும் பிள்ளைகள் அநேகமாக ஒரே சமூகத்தவர். யாரோடு பழகுவது? சமவெளியைச் சந்திக்க அவர்களுக்குக் கிடைக்கும் முதல் மனிதர் ஆசிரியர்தான். ஏகலைவா பள்ளிகளுக்கு 2023-இல் ஆசிரியர் தேர்வை மத்தியில் நடத்தி, அதில் இந்தித் தகுதியையும் சேர்த்ததால், தமிழ் தெரியாத ஆசிரியர்கள் தமிழகப் பழங்குடிப் பிள்ளைகள் முன் நிற்கும் நிலை வந்தது. வயநாட்டில் கேரள அரசு ‘கோத்ரபந்து’ திட்டத்தின்கீழ் பழங்குடிச் சமூகத்து ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்தியது. அது இங்கே பரிசீலிக்கத்தக்கது. ஹன்னா, லிண்டன் முடிவை நினைவில் வைத்து, அவர்களுக்கும் பயிற்சி தந்துதான்.

ஆசிரியருக்குக் கற்றுத்தரும் முறையில் தமிழுக்கு ஒரு மரபு இல்லாமல் இல்லை. அறிவொளி இயக்கத்திலிருந்து வந்த ச. மாடசாமி, வகுப்பறையில் மாணவர் பேச இடம் உண்டா என்று கேட்டு எழுதியவர். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி இருளர் உரிமைப் பணியையும் தாய்த்தமிழ்ப் பள்ளியையும் சேர்த்தே நடத்தினார்.  பி.எட். பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்யச் சொன்ன சந்துரு குழுப் பரிந்துரை நடைமுறையானால், இவை அதில் இடம்பெறுவது நியாயம்.

தீராதவை

இந்த நிலைப்பாடுகளில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளுவது சரியாகப் படவில்லை. பெயரை நீக்குவதற்குச் செலவு குறைவு, நியாயம் அதிகம், ஆகவே உடனே செய்யலாம். ஒதுக்கீடு குறையாது என்ற எழுத்துப்பூர்வ உறுதியோடு செய்ய வேண்டும். பாடநூல் மாற்றம் தேவை, ஆனால் தனியே நிற்காது. சான்றுகள் இருக்கும் வரையில் பார்த்தால், நீண்ட காலக் கலந்துரையாடலும் கலந்து உழைக்கும் சிறு குழுக்களும்தான் கூடுதல் நம்பிக்கை தருகின்றன. இரண்டையும் நடத்தப் போகிறவர் ஆசிரியர்.

திறந்தே நிற்கும் கேள்விகள் சில. ஒரே சமூகப் பிள்ளைகள் மட்டும் படிக்கும் உறைவிடப் பள்ளி பாதுகாப்பா, ஒதுக்கலா? மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் சேரும் பிள்ளைகளை அந்தப் பள்ளிகள் எப்படி வரவேற்கின்றன? அரியானாவில் தனி அமைப்பு செய்ததை, பாடமுடிப்பும் ‘எமிஸ்’ இணையதளத் தகவல் பதிவும் தலைமேல் இருக்கும் அரசு ஆசிரியர் செய்ய முடியுமா? அவருக்கு ஊர்ப் பெரியமனிதர்களிடமிருந்து மிரட்டல் வந்தால் துறை அவர் பக்கம் நிற்குமா? கடைசிக் கேள்விக்கு ஆய்வு தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.

பயிற்சித் திட்டத்தை மலைப் பள்ளிகளில் தொடங்குவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் வட்டாரங்களின் சமவெளிப் பள்ளிகளில் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கோரிக்கை. மாற வேண்டிய பார்வை அங்கேதான் இருக்கிறது. மலைப் பள்ளிகளுக்கு முதலில் அனுப்ப வேண்டியது பயிற்சிக் கையேட்டை அல்ல, காலிப் பணியிடங்களுக்கான ஆசிரியர்களை.